கருப்பன் வாசலில் ஒரு சாட்சி

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சிலை கிடையாது; சந்தனம் பூசிய கதவுதான் சாமி. அந்த வாசலில் ஒருவர், “வாங்குன பணத்தைக் குடுத்துட்டேன்னு இங்க சத்தியம் பண்ணச் சொல்லுங்க சார். எதிராளி என்னைக்கு உண்மையைப் பேசியிருக்கான்?” என்று என்னிடம் பொருமினார்.

பேசியிருக்கான். எனக்கு தேவய்யா ஞாபகம் வந்தார்.

குடகுக்காரர், விமானப்படை ஸ்குவாட்ரன் லீடர். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்க நம் மிஸ்டியர் விமானங்கள் கிளம்பின. யாராவது விலகினால் மட்டுமே போகவேண்டிய மாற்று ஆள் அவர். போனார், திரும்பவில்லை. என்ன ஆனார் என்று கூடப் போனவர்களுக்கே தெரியவில்லை.

1979-ல் ஜான் ஃப்ரிக்கர் என்ற வெளிநாட்டுக்காரரின் புத்தகம் வந்தது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஒன்று, அன்றைக்கு ஒரு மிஸ்டியரோடு மோதி விழுந்தது என்றது. அதை ஓட்டிய அம்ஜத் ஹுசேன் பாராசூட்டில் குதித்துத் தப்பியவர். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த மிஸ்டியர் தேவய்யாவுடையது! வேகம் குறைந்த விமானத்தை வைத்துக்கொண்டு, ஓடாமல் திரும்பி நின்று அடித்திருக்கிறார்.

1988-ல் மகாவீர் சக்ரா. மனைவி வாங்கிக்கொண்டார். 23 வருஷம்!

நம் ஆட்கள் யாரும் பார்க்காத வீரத்துக்கு எதிராளி பக்கமிருந்துதான் சாட்சி வந்தது. அந்தச் சாட்சிக்குச் சத்தியம்கூடத் தேவைப்படவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் குடுத்தது பாதிதான் சார். ஆனா, குடுத்தான்” என்றார்.