நின்ற நாட்கள்

லாரித் தொழில் என்றால் ஓட்டம் என்பது பொதுவான எண்ணம். அதை நடத்துகிறவனுக்கு அது பெரும்பாலும் நிற்பது பற்றிய விஷயம். சங்ககிரி, நாமக்கல் பக்கத்து ஓனர்கள் டீசல் விலையைத் திட்டுவார்கள், பயப்படுவது ஹால்ட்டுக்குத்தான். வண்டி நின்றாலும் இன்ஷூரன்ஸ், பர்மிட், மாதத் தவணை எதுவும் நிற்பதில்லை. தவணையை வரவு வைக்கிற மேஜையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இதில் எனக்கும் சம்பந்தமுண்டு.

எனக்குப் பழக்கமான ஓனர் ஒருவருக்கு இரண்டு வண்டிகள். சேலத்து ஜவ்வரிசியை மகாராஷ்டிரத்துக்கு ஏற்றிப் போகும். (அங்கே விரத நாட்களில் அதைக் கிச்சடி செய்கிறார்கள். நாம் பாயசத்தில் போட்டு மறந்துவிடுகிறோம்.) போகிற வாடகை டீசலுக்கும் டோலுக்கும் சரியாகிவிடும்; மிச்சம் என்று ஏதாவது இருந்தால் அது ரிட்டர்ன் லோடில், அதாவது நாசிக் வெங்காயத்தில். 2023 செப்டம்பரில், வெங்காய ஏற்றுமதிக்குப் போட்ட 40 சதவீத வரியை எதிர்த்து நாசிக் வியாபாரிகள் ஏலத்தைப் புறக்கணித்தார்கள். இவருடைய வண்டி ஒன்று அங்கே மாட்டிக்கொண்டது.

தவணை தாமதத்துக்குச் சாட்சியாக டிரைவரின் டிரிப் நோட்டை என் மேஜைமேல் விரித்து வைத்தார். 'நாசிக் ஹால்ட்.' கீழே அரிசி, தக்காளி, டீ. அடுத்த நாளும் நாசிக் ஹால்ட். அரிசி இல்லை, டீ மட்டும். இப்படி ஆறு நாள். காத்திருத்தல் என்றால் நாம் உடனே பெக்கெட்டிடம் ஓடுகிறோம். இந்த நோட்டில் பெக்கெட்டைவிடச் சொற்கள் குறைவு, பாவனையும் குறைவு.

"இந்த ஆறு நாளுக்குப் பேட்டா?" என்றேன்.

"சக்கரம் சுத்தினாத்தானே சார் எனக்கே காசு? சாப்பாட்டுக்குக் குடுத்துட்டேன்."

ஏமாற்றுகிறவர் அல்ல. பதினைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர்.

1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. டெர்மினலில் சும்மா இருக்கிற பொழுதையும் அது வேலை நேரமாகச் சேர்த்துக்கொண்டது, ஆனால் 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால். அதற்கு மேல் காத்திருப்பவன் என்ன செய்கிறான் என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. தவிரவும் ஐந்து பேராவது வேலை செய்கிற இடங்களுக்குத்தான் அந்தச் சட்டம். இரண்டு வண்டி ஓனர் அதன் கண்ணிலேயே படவில்லை.

ஏற்றிய சரக்கை இறக்காமல் நிறுத்திவைத்தால் பார்ட்டியிடம் ஹால்டிங் சார்ஜ் கேட்கலாம். காலி வண்டிக்குப் பார்ட்டி கிடையாது. ஆகவே போகிற வாடகையைப் பேசும்போதே, திரும்பும் லோடுக்காக இரண்டு மூன்று நாள் காத்திருக்கிற பேட்டாவைச் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சொன்னேன். "சேர்த்துக் கேட்டா பக்கத்து வண்டிக்கு லோடு போயிரும்" என்றார். அதுவும் உண்மைதான். தாமத வட்டியை அந்த ஆறு நாளுக்கும் சேர்த்தே கணக்கிட்டு அவரிடம் சொன்னேன். நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பணத்தை எண்ண ஆரம்பித்தார்.