நூறாண்டு ஓடிய கோப்பை

சிங்கப்பூர் போனால் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டையும் மீன்தலைக் கறியையும் தேடிப் போகாத தமிழர் குறைவு. பக்கத்தில் இருக்கும் ஃபேரர் பார்க்கில்தான் ஒரு காலத்தில் பந்தயக் குதிரைகள் ஓடின. 1842-இல் தொடங்கிய பந்தயக் கழகத்தின் திடல் அது. சிங்கப்பூர் தங்கக் கோப்பைப் பந்தயம் 1924-இல் அங்கேதான் பிறந்தது. 1933-இல் கழகம் புக்கித் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் மாறியபோது கோப்பையும் கூடவே போனது.

2023 ஜூனில் அந்தப் பந்தயத்தின் முடிவு தெரிந்துவிட்டது. 120 ஹெக்டேருக்கு மேற்பட்ட கிராஞ்சி நிலத்தை, வீடுகள் உள்ளிட்ட தேவைகளுக்காக அரசு திரும்பக் கேட்டது. பார்வையாளர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள்: 2010-இல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக 11,000 பேர், 2019-இல் 6,000, பெருந்தொற்றுக்குப் பின் 2,600. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிக் கோப்பையை ஸ்மார்ட் ஸ்டார் வென்றது; ஜாக்கி முசி யெனி.

நிலத்துக்குத் தவிக்கும் தீவு எடுத்த முடிவில் நியாயம் உண்டு. பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்தவர்களின் வீட்டுக் கண்ணீரையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் என் மனம் லாயங்களின் பக்கமே போகிறது. அங்கே ஓடிய குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. அவற்றை இந்தப் புழுக்கத்துக்குப் பழக்கியவர்கள் குதிரைக்காரர்கள். பொழுது விடியும் முன்பே ஓட்டத்துக்குத் தயார்செய்வார்கள். ஓடி வந்ததும் குளிப்பாட்டுவார்கள். காலைத் தடவிப் பார்த்தே எங்கே சூடு கண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இந்தோனேசியாவின் பாவியான் தீவினரும் இந்தியரும் தலைமுறைகளாகப் பழகிய கைத்தொழில் இது.

வென்ற குதிரைக்கும் ஜாக்கிக்கும் பயிற்சியாளருக்கும் பட்டியலில் இடம் இருக்கிறது. அந்தக் கால்கள் ஓடக் காரணமான கைகளுக்கு இல்லை. ஒரு பந்தயத்தின் வரலாறு என்று நாம் சொல்வதில் பாதி அந்தக் கைகளில்தான் இருக்கிறது. லாயம் காலியான பின் அவர்கள் வேறு வேலைக்கோ வேறு ஊருக்கோ போய்விடுவார்கள். அவர்களைத் தேடிப் போய், தமிழிலும் மலாயிலும் அவர்கள் சொல்வதை அப்படியே பதிந்துவைக்க வேண்டும், அதுவும் இப்போதே. தங்கக் கோப்பைக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுதான்.