பிளாவும் தேநீரும்

சங்கப் புலவர் கள்ளைப் பாடக் கூசவில்லை. வள்ளுவரோ 'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். இவ்விரு மரபுகளையும் கற்றவனாகவே நயினாதீவிற் பனங்கள்ளைச் சுவைத்தேன்.

பாளையைச் சீவிக் கட்டும் முட்டியினுள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர், தடவாவிடிற் கள். முட்டியிற் படிந்துள்ள மதுவம், சாற்றின் வெல்லத்தை மரத்திலேயே அற்ககோலாக மாற்றத் தொடங்கிவிடும். ஆதலின் கள்ளின் சுவை நாழிகைக்கு நாழிகை வேறுபடும். காலையில் இனிப்பது மாலையிற் புளிக்கும்; நாட்செல்லக் காடியாகும். மேனாட்டாரின் கடும் பேல் ஏல், ஹொப் பூவின் கசப்போடும் நூற்றுக்கு 6 பங்கைக் கடந்த அற்ககோலோடும் போத்தலில் ஊரூராகச் செல்லும். கள்ளோ பயணம் பொறாது. குறிகட்டுவானிற் படகேறி நாமே அதனை நாடிச் செல்லவேண்டும்.

ஓலைப்பிளாவில் முதல் மிடறு நுரைத்து இனித்தது; அடுத்து நாவோரத்திற் புளிப்பு உறைத்தது; முடிவில் ஓலையின் பச்சைமணம் எஞ்சியது.

அச்சுவைக்குப் பின்னால், நாளும் இருமுறை பனையேறும் ஒருவரின் உழைப்பு உண்டு. அவர் கையாற் கள் வாங்கிய எம் சமூகம் அதே கையால் தண்ணீர் வாங்க மறுத்தது, கோயிலையும் அடைத்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் எழுந்ததும் இக்கொடுமையினாலேயே.

பிளாவை நீட்டிய பெரியவர், "தம்பி, வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். குரலிற் சிறு தயக்கம் இருந்தது. அத்தயக்கம் அவர் பிழையன்று. எம் முன்னோர் விட்டுச்சென்றது. நான் சென்றேன், குடித்தேன். கள்ளின் சுவையை வியந்துரைப்போர் அவ்வீட்டுத் தேநீரின் சுவையையும் அறிந்திருத்தல் வேண்டும்.