சுசீலாவுக்கு, தாராவியிலிருந்து ஓர் அம்மா

அன்புள்ள சுசீலா லிக்மாபாம்,

நீ இம்பாலை அடுத்த ஹெய்ங்காங்கில் பிறந்தவள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில், தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் வளர்ந்தவள். நாம் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. என் கடைசித் தங்கை வயது உனக்கு. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். உனக்கு நான் பட்டிருக்கும் கடன்களைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சுசீலா, 2014 ஜூலையில் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜூடோ 48 கிலோ பிரிவில் நீ வெள்ளி வென்றாய். இறுதிப் போட்டியில் ஸ்காட்லாந்தின் கிம்பர்லி ரெனிக்ஸிடம் தோற்றாய். உனக்கு அப்போது 19 வயது. செம்பூரில் ஒரு ஹாலில் நடக்கும் ஜூடோ வகுப்புக்குப் போக வேண்டுமென்று என் மகள் அடம்பிடித்துக்கொண்டிருந்த மாதம் அது. “பொம்பளப் பிள்ளைக்குக் கை கால் உடைஞ்சா யாரு கட்டிக்கிட்டுப் போவா?” என்று என் மாமியார் ஒரே பிடியாக நின்றார். பேப்பரில் வந்த உன் படத்தை அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். “இந்தப் பிள்ளைக்கு அடி ஒண்ணும் படலையா?” என்று கேட்டார். அந்த வாரமே பேத்தியை அவரே கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். நான் வாதாடி ஆகாத காரியத்தை உன் ஒரு படம் செய்தது.

சுசீலா, ஜூடோவில் முதல் பாடமே விழுவது என்பதை என் மகள் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கையால் மேட்டை ஓங்கி அறைந்து, அடிபடாமல் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவரைத் தூக்கிப் போடக் கற்றுக்கொடுப்பார்கள். எங்கள் சந்தில் பெண் பிள்ளை காதில் விழுகிற முதல் வார்த்தை “பார்த்து, விழுந்திடாதே” என்பதுதான். அவளுக்கு யாரும் விழப் பழக்கியதே இல்லை. அதோடு எங்கள் பிள்ளைகள் ஒல்லி. கபடியில் பின்வரிசையிலும் கூடைப்பந்தில் வெளியிலும் நிறுத்தப்படுகிறவர்கள். பெண்கள் ஜூடோவில் இருப்பதிலேயே எடை குறைந்த பிரிவு 48 கிலோ. அந்தப் பிரிவில் நின்று நீ நாட்டுக்குப் பதக்கம் வாங்கிய பிறகு, ஒல்லியாக இருப்பது என் மகளுக்குக் குறையாகத் தெரியவில்லை.

சுசீலா, உனக்கு முன்னால் இந்த வழியில் வந்த பெண்களையும் நினைத்துக்கொள்கிறேன். 1959-ல் நியூயார்க் மாநிலத்தில் ரஸ்டி கனோகோகி ஆண் வேடத்தில் ஒரு போட்டியில் இறங்கி வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 1980-ல் நியூயார்க் நகரில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை அவரே முன்னின்று நடத்தினார். ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோவுக்குப் பதக்கம் வந்தது 1992-ல்தான். நீ பிறந்தது 1995-ல். இந்த வரிசையில் என் மகளுக்குக் கண்ணெட்டும் தூரத்தில் நின்றவள் நீதான்.

சுசீலா, அடுத்த கடன்தான் பெரியது. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் ஜூடோவே இல்லை. அதே வருடம் தொடைத் தசைக் காயத்தால் ஆசிய விளையாட்டும் உன் கையை விட்டுப் போனது. ஒலிம்பிக் தரவரிசைப் புள்ளி வேண்டுமென்றால் நாடு நாடாகப் போய் ஆட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விமான டிக்கெட், தங்குமிடம். உன் காரை விற்று நீ போனாய். பிள்ளையின் ஃபீஸுக்குத் தாலிக்கொடியை அடகு வைத்த பெண்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தச் செய்தியைப் படித்துச் சொன்னபோது அவர்களுக்கு உன்னை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுசீலா, 2020-ல் கோவிட் பரவியபோது தாராவி என்றாலே ஊர் பயந்தது. ஜூடோ அடுத்தவர் சட்டையைப் பிடிக்காமல் ஆட முடியாத ஆட்டம். யாரும் யாரையும் தொடக்கூடாத வருடம் அது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்துப் பழகினாள் என் மகள். 2021 ஏப்ரலில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக பிஷ்கெக் போய்ச் சேர்ந்த இந்திய அணி, கோவிட் தொற்றால் போட்டியிலிருந்து விலக வேண்டியதானது. அப்படியும் ஆசியக் கண்டத்துக்கான ஒதுக்கீட்டில் இடம் பிடித்து, இந்தியாவின் ஒரே ஜூடோ ஆட்டக்காரியாக டோக்கியோ ஒலிம்பிக்கில் புடோகான் அரங்கில் நின்றாய். முதல் சுற்றிலேயே, லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹங்கேரியின் ஏவா செர்னோவிஸ்கியிடம் தோற்றாய். இதற்கா இத்தனை பாடு என்று சிலர் கேட்டார்கள். என் மகள் கேட்கவில்லை. அங்கே போய் நிற்பதற்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சுசீலா, 2022 ஆகஸ்ட் 1. காமன்வெல்த் போட்டி, கோவென்ட்ரி அரங்கம். கால்விரலில் தையலோடு இறங்கினாய். மலாவியின் ஹாரியட் போன்ஃபேஸ், மொரீஷியஸின் பிரிசில்லா மொராண்ட் இருவரையும் வென்று மறுபடி இறுதிக்கு வந்தாய். நான்கு நிமிடத்தில் முடியாமல் கூடுதல் நேரமான கோல்டன் ஸ்கோர் வரை போய்த்தான் தென்னாப்பிரிக்காவின் மிக்கேலா வைட்பூயிடம் தோற்றாய். எட்டு வருடம் கழித்து அதே எடையில் இன்னொரு வெள்ளி. தங்கம் போயிற்றே என்று எங்கள் வீட்டில் யாரும் வருந்தவில்லை. 27 வயதில், இத்தனைக்கும் பிறகு நீ அங்கே நின்றதையே கொண்டாடினோம். என் மாமியார் பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாயசம் கொடுத்துவிட்டார்.

சுசீலா, என் மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு விழக் கற்றுக்கொடுக்கிறாள். தாராவி, மாட்டுங்கா, செம்பூரிலிருந்து வருகிற பெண் பிள்ளைகளே அதிகம். மும்பைக்கு வந்தால் ஒரு ஞாயிறு எங்களுக்கு ஒதுக்கு. அந்தப் பிள்ளைகள் உன் சட்டையை ஒருமுறை பிடித்துப் பார்க்கட்டும். சாப்பாடு எங்கள் வீட்டில்.

அன்புடன்,
உன் தாராவி அக்கா