கர்னல்கள் மட்டுமே உள்ள விமானப்படை

டெக்ஸாஸின் தென்கோடியில் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஓர் அமைப்பு, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுகளை மறுபடி நடத்திக் காட்டுகிறது. எந்தக் குண்டை நடித்துக் காட்டலாம், எதைக் கூடாது என்பதில்தான் தகராறு.

அமெரிக்க வரைபடத்தில் டெக்ஸாஸ் மாநிலம் கூர்மையாக இறங்கி மெக்ஸிகோவைத் தொடும் மூலையில் இருக்கிறது ஹார்லிஞ்சன். ரியோ கிராண்டே ஆற்றின் வண்டல் படிந்த சமவெளி. பருத்தியும் சோளமும் விளைகின்றன. இடையிடையே ஆரஞ்சுத் தோப்புகள். கடைவீதியில் ஆங்கிலத்துக்குச் சமமாக ஸ்பானிஷ் காதில் விழும். மெக்ஸிகோ வளைகுடாப் பக்கமிருந்து வீசும் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். அக்டோபர் வந்த பிறகும் வியர்வை நிற்காது.

விமான நிலையத்தை ஒட்டி ஒரு ராணுவப் பள்ளி. அதன் மைதானத்தில் பிரம்மாண்டமான ஆறு மனிதர்கள் ஒரு கொடிக் கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஐவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடியேற்றிய காட்சி அது. வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டனில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் வெண்கலச் சிலைக்காக, சிற்பி பெலிக்ஸ் டி வெல்டன் முதலில் செய்த மூல வடிவம்தான் ஹார்லிஞ்சனில் நிற்பது. 1981ல் அவரே பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்.

பக்கத்து ஓடுபாதைக்கும் போர்ச் சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களில் துப்பாக்கி பிடிக்கும் இளைஞர்கள் இங்கே பயிற்சி பெற்றார்கள். பின்னர் விமானப்படையின் வழிகாட்டிகளுக்கான பள்ளியாகி, 1962ல் மூடப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1968ல், ஒரு விசித்திரமான விமானப்படை இங்கே குடிவந்தது. அதன் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே பதவி: கர்னல். சிப்பாய் என்று ஒருவர்கூடக் கிடையாது. தலைமைத் தளபதியான கர்னல் ஜெத்ரோ கல்பெப்பர் வெறும் கற்பனை. யாருக்கும் சம்பளமில்லை. சந்தா கட்டிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

விளையாட்டாகத் தொடங்கிய விஷயம் இது. ஹார்லிஞ்சனுக்கு மேற்கே உள்ள மெர்சிடிஸ் என்ற சிற்றூரில், பயிர்களுக்கு விமானத்திலிருந்து மருந்து தெளிக்கும் தொழில் செய்துவந்த லாயிட் நோலன் 1957ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய மஸ்டாங் போர் விமானம் வாங்கினார். ஒரு நாள் அதன் உடலில் யாரோ குறும்பாக 'கான்ஃபெடரேட் ஏர் ஃபோர்ஸ்' என்று எழுதி வைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அடிமை முறையைக் காப்பாற்ற 1861ல் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் பெயர் அது. வெள்ளைக்கார டெக்ஸாஸ் விவசாயிகளுக்கு அன்று அது நகைச்சுவை. அந்த நகைச்சுவை எல்லோருக்கும் சிரிப்பூட்டாது என்று உணர்ந்து 'கமெமொரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ்', அதாவது நினைவு போற்றும் விமானப்படை, என்று மாற்றிக்கொள்ள 2002 வரை ஆனது.

குறும்புக்குப் பின்னால் உருப்படியான கவலையும் இருந்தது. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான விமானங்கள் அலுமினியத்துக்காக உருக்கப்பட்டன. அவற்றைப் பறக்கும் நிலையில் காப்பாற்ற யாரும் முயலவில்லை என்பது நோலன் குழுவுக்கு விரைவிலேயே தெரிந்தது. 1961ல் அமைப்பைப் பதிவு செய்துவிட்டு, விவசாயிகளும் மெக்கானிக்குகளும் டாக்டர்களும் பயணி விமானிகளுமாகச் சேர்ந்து தேடத் தொடங்கினார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த பெரிய மீன் ஃபிஃபி. கலிபோர்னியாவின் சைனா லேக் பாலைவனத்தில், கடற்படையின் ஆயுதச் சோதனைகளுக்கு இலக்காக நிறுத்தப்பட்டிருந்த பி-29 விமானங்களில் ஒன்று அது. நான்கு எஞ்சின்கள், 43 மீட்டர் இறக்கை அகலம். தொண்டர்கள் பாலைவனத்திலேயே தங்கி அதைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1971 ஆகஸ்ட் 3 அன்று அது எங்கும் இறங்காமல் சுமார் 2,000 கிலோமீட்டரை 6 மணி 38 நிமிடத்தில் கடந்து ஹார்லிஞ்சன் வந்து சேர்ந்தது. உலகத்தில் பறக்கும் ஒரே பி-29 என்ற பெருமை 2016 வரை, விசிட்டா நகரத் தொண்டர்கள் 'டாக்' என்ற இன்னொன்றை மேலே எழுப்பும் வரை, அதற்கே இருந்தது.

பி-29 விமானம் போருக்கு முதலில் புறப்பட்டது இந்திய மண்ணிலிருந்துதான். கரக்பூர், சாகுலியா, பியார்டோபா, துத்குண்டி ஆகிய ஊர்களில் அதற்காகவே நீண்ட ஓடுபாதைகள் போடப்பட்டன. இந்தியாவுக்கு வரும் வழியில் கராச்சி வெயிலில் எஞ்சின்கள் கொதித்துச் சில விமானங்கள் விழுந்தன. 1944 ஜூன் 5 அன்று 98 விமானங்கள் இங்கிருந்து கிளம்பி பாங்காக்கின் ரயில்வே பட்டறைகளைத் தாக்கின. தலைமையகம் இயங்கியது கரக்பூருக்கு அருகே ஹிஜ்லியில், சுதந்திரப் போராட்டக் கைதிகளுக்காகக் கட்டப்பட்ட சிறை முகாமில். அதே கட்டடத்தில்தான் சுதந்திரத்துக்குப் பின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது. 1945 தொடக்கத்தில் பி-29கள் பசிபிக் கடலின் மரியானா தீவுகளுக்கு மாறின. ஹிரோஷிமாவுக்குக் குண்டு புறப்பட்ட டினியான், அந்தத் தீவுகளில் ஒன்று.

ஹார்லிஞ்சனில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடந்த விமானக் கண்காட்சிக்கு இந்த விமானத்தால் புது மவுசு வந்தது. 1976 அக்டோபர் கண்காட்சியில் ஃபிஃபியின் விமானி இருக்கையில் அமர்ந்தவர் பால் டிப்பெட்ஸ். 1945 ஆகஸ்ட் 6 காலை 'எனோலா கே' விமானத்தை ஹிரோஷிமாவுக்கு ஓட்டிச் சென்ற அதே மனிதர். இடையில் டெல்லியில் அமெரிக்க ராணுவ அதிகாரியாகச் சில காலம் இருந்து, 1966ல் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இப்போது வயது 61. பார்க்க வந்தவர்கள் சுமார் 40,000 பேர். விமானம் மைதானத்தின் மேல் பறந்தது. உரிய நேரத்தில் தரையில் வெடிமருந்துக் குழு தன் வேலையைச் செய்ய, காளான் வடிவத்தில் புகை எழுந்தது.

செய்தி ஜப்பான் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. ஹிரோஷிமா மேயர் கண்டித்தார். ஜப்பான் அரசு ஆட்சேபம் தெரிவித்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. யாரையும் அவமதிக்கும் எண்ணமில்லை என்றார் டிப்பெட்ஸ். அது உண்மையாகவே இருக்கலாம். ஹார்லிஞ்சன் கர்னல்கள் தங்கள் கண்ணில் ஒரு விமானத்தின் வரலாற்றைத்தான் காட்டினார்கள். ஆனால் 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பது மதிப்பீடு. அந்த நாளின் கதையில் விமானத்தில் இருந்த 12 பேருக்கு நடிக்க ஆள் கிடைப்பார்கள். தரையில் இருந்தவர்களுக்கு ஹார்லிஞ்சன் மைதானத்தில் வேடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

இதே அமைப்பு பல பத்தாண்டுகளாக நடத்தும் இன்னொரு காட்சியோடு இதை ஒப்பிட வேண்டும். பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றிய 'டோரா! டோரா! டோரா!' திரைப்படம் 1970ல் வெளிவந்தது. பறக்கக்கூடிய ஜப்பானிய விமானங்கள் கிடைக்காததால், அமெரிக்கப் பயிற்சி விமானங்களின் உடலை நீட்டி, வாலை மாற்றி, சிவப்புச் சூரியன் வரைந்து படத்தில் பறக்கவிட்டார்கள். படம் முடிந்ததும் அவற்றில் சில கர்னல்களிடம் வந்தன. 1972லிருந்து அதே பெயரில் கண்காட்சிகளில் தாக்குதலை நடத்துகிறார்கள்.

காட்சி அரை மணிக்கும் குறைவுதான். ஆனால் பார்ப்பவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஒலிபெருக்கியில் வர்ணனை, அபாயச் சங்கு. பல திசைகளிலிருந்து தாழப் பாயும் விமானங்கள். விமானங்களிலிருந்து எதுவும் விழுவதில்லை. தரையில் வரிசையாகப் புதைத்து வைத்த பெட்ரோலையும் வெடிமருந்தையும், விமானம் கடக்கும் நொடி பார்த்து ஒருவர் பட்டனை அழுத்திக் கொளுத்துகிறார். தீப்பந்து எழும்போது எதிரே நிற்பவர் முகத்தில் அனல் அடிக்கும். அன்று காலை கலிபோர்னியாவிலிருந்து வந்து தாக்குதலின் நடுவே சிக்கிக்கொண்ட பி-17களை நினைவூட்ட, சில காட்சிகளில் ஒரு பி-17 ஒற்றைச் சக்கரத்தை மட்டும் இறக்கியபடி புகைக்குள் பறந்து போகும். இரு தரப்பிலும் இறந்தவர்களுக்கு இது அஞ்சலி என்று குழுவினர் அறிவிக்கிறார்கள். இதற்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இங்கே குண்டு விழுவது பார்வையாளர்களின் சொந்த நாட்டவர் மேல். அன்று இறந்த 2,403 அமெரிக்கர்களுக்காகத் தொப்பியைக் கழற்றியபடி நிற்கும் கிழவர்களை ஒரு காலத்தில் கூட்டத்தில் காண முடிந்தது.

நடிகர்களைப் போலவே இந்த விமானங்களுக்கும் சொந்த வாழ்க்கை ஒன்று, போட்ட வேடம் ஒன்று. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை 1989ல் பறக்கவிட்ட பி-24 லிபரேட்டர் விமானத்தின் கதை நமக்கு நெருக்கமானது. போர் முடிந்ததும் கான்பூரில் குப்பையாக விடப்பட்ட விமானங்களில் ஒன்று அது. பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் செப்பனிட்டுத் தர, இந்திய விமானப்படையில் 1968 வரை சேவை செய்தது. பின்பு பெங்களூரில் கேட்பாரின்றிக் கிடந்து, பிரிட்டன் வழியாக அமெரிக்கா போய், பசிபிக்கில் போரிட்ட அமெரிக்க விமானம் ஒன்றின் பெயரும் படமும் உடலில் எழுதப்பட்டு ஊர் ஊராகக் காட்டப்பட்டது.

ஹார்லிஞ்சனின் உப்புக் காற்று கர்னல்களின் விமானங்களை அரிக்கத் தொடங்கியது. 1991ல் அவர்கள் மேற்கு டெக்ஸாஸின் வறண்ட எண்ணெய் நகரமான மிட்லண்டுக்கும், அதன் பின் டல்லஸுக்கும் பெயர்ந்துவிட்டார்கள். தரையில் இருந்தவர்களைப் பற்றிய கேள்வி மட்டும் எங்கே போனாலும் கூடவே வந்தது. 1995ல் வாஷிங்டனின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகம், 'எனோலா கே' விமானத்தோடு ஹிரோஷிமாவில் இறந்தவர்களின் உடைமைகளையும் வைக்கத் திட்டமிட்டது. முன்னாள் படைவீரர் சங்கங்கள் கொதித்தன. திட்டம் கைவிடப்பட்டது. அருங்காட்சியக இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். ஹார்லிஞ்சனில் குண்டு வீச்சைக் காட்டியது தப்பாகிவிட்டதென்றால், வாஷிங்டனில் அதன் விளைவைக் காட்ட முனைந்தது தப்பாகிவிட்டது.

2013ல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரக் கண்காட்சியில் ஃபிஃபியை வைத்து அணுகுண்டு வீச்சை மறுபடி நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. நாகசாகியில் குண்டு போட்ட 'பாக்ஸ்கார்' விமானம் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கும் ஊர் அது. எதிர்ப்புகள் வந்தன. இம்முறை வெளிநாட்டு அரசு தலையிட வேண்டியிருக்கவில்லை. அமைப்பாளர்களே அந்தக் காட்சியை நீக்கிவிட்டார்கள்.

கர்னல்கள் தரும் விலையும் சாதாரணமல்ல. எஞ்சின் கோளாறால் ஃபிஃபி நான்கு ஆண்டுகள் முடங்கியது. பல லட்சம் டாலர் நன்கொடை சேர்ந்து நான்கு எஞ்சின்களையும் மாற்றிய பிறகே 2010ல் மறுபடி பறந்தது. பணத்தோடு போனால் பரவாயில்லை. 2022 நவம்பர் 12 அன்று டல்லஸில் நடந்த கண்காட்சியில் 'டெக்ஸாஸ் ரெய்டர்ஸ்' என்ற பி-17 மேல், வளைந்து திரும்பிய கிங்கோப்ரா போர் விமானம் ஒன்று மோதியது. 1967லிருந்து கர்னல்கள் பாதுகாத்துவந்த குண்டுவீச்சு விமானம் பார்வையாளர்கள் கண்முன் இரண்டாக முறிந்து எரிந்தது. அதில் ஐந்து பேர், கிங்கோப்ராவில் ஒருவர். ஆறு பேரும் இறந்தார்கள். விமானங்கள் ஒன்றுக்கொன்று வெவ்வேறு உயரத்தில் பறக்கும்படி முன்கூட்டியே சரியாகத் திட்டமிடவில்லை என்று விசாரணை முடிந்தது. போரில் தப்பிய விமானம் போரை நினைவுகூரும் காட்சியில் அழிந்தது.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் டல்லஸ் கூடாரத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள், நடுவே சில இளைஞர்கள். ஆணி ஆணியாகப் பார்க்கிறார்கள். எண்ணெய் துடைக்கிறார்கள். ஒரு மணி நேரப் பறத்தலுக்குப் பல நாள் உழைப்பு. இவர்களில் போரைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. டிப்பெட்ஸ் 2007ல் இறந்தார். கல்லறை வைத்தால் எதிர்ப்பாளர்கள் கூடும் இடமாகிவிடும் என்று சொல்லி, சாம்பலை ஆங்கிலக் கால்வாயில் தூவச் செய்துவிட்டார்.

ஃபிஃபி ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போகிறது. சிறிய கட்டணத்தில் உள்ளே ஏறிப் பார்க்கலாம். அதிகம் கொடுத்தால் அரை மணி நேரம் பறக்கலாம். பின்பகுதி இருக்கைகளுக்கு விலை குறைவு. விமானிகளுக்குப் பின்னால் உட்கார இன்னும் கூடுதல். எல்லாவற்றிலும் விலை உயர்ந்த இருக்கை, ஆயிரம் டாலருக்கும் மேல், விமானிகளுக்கும் முன்னால் கண்ணாடி மூக்கில் இருக்கிறது. குண்டு போடுபவர் உட்கார்ந்த இடம் அது. கீழே உள்ள ஊர் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.