செய்தி வாசிக்காத வானொலி

ஜூலை 3, 2024, புதன்

கல்லூரி வளாகத்துச் சமுதாய வானொலியில் பேர் கொடுத்துவிட்டேன். ஆண்டு மலருக்குக் கவிதை தருவதும், பரிசளிப்பு விழாப் படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பேர் எழுதுவதும் எனக்கு ஒத்துவராது. எனக்கு வேண்டியது செய்தி. பொறுப்பாளர் சாரிடம் அதைத்தான் சொன்னேன்.

"இங்க செய்தி வாசிக்கக் கூடாதும்மா" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உரிம விதியே அதுதானாம். சமுதாய வானொலியில் செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் எதுவும் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம்.

"அப்ப இங்க என்னதான் சார் பண்றது?"

"நாளைக்கு வா, முதல்ல ஃபேனை எப்ப நிறுத்தணும்னு கத்துக்க."

ஜூலை 9, செவ்வாய்

நிலையத்து அலமாரியில் இருந்த கோப்புகளையெல்லாம் புரட்டினேன். அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொன்னது. அதுவும் கிரிக்கெட்டால் வந்த வழக்கு. ஹீரோ கோப்பை ஆட்டங்களைக் காட்டும் உரிமைக்காக வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் நடந்த சண்டை. 2002 கடைசியில் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் நாட்டின் முதல் வளாக வானொலி பேச ஆரம்பித்தது. தொண்டு நிறுவனங்களுக்கு வழி திறந்தது 2006-இல்.

இத்தனை கதவு திறந்தும் செய்தி அறைக்கு மட்டும் பூட்டு. என் வகுப்புப் பையன் கேன்டீனில் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டிப் பிடித்து யூடியூபில் நாட்டு நடப்பு பேசுகிறான். தட்டிக் கேட்க ஆளில்லை. நாங்கள் 100 வாட்டில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அதையே பேசினால் உரிமத்துக்கே ஆபத்து. இது என்ன கணக்கோ!

ஜூலை 18, வியாழன்

ஃபேனை நிறுத்தினால் ஸ்டூடியோ புழுங்குகிறது. நிறுத்தாவிட்டால் பதிவு முழுக்க 'ங்ங்' என்று இரைச்சல். மைக்கை நேருக்கு நேர் வைத்துப் பேசினால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கிறது. வாய்க்குக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். 'பப்பாளி' என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

மத்தியானம் எடிட்டிங். வாழைக்கொல்லையில் வேலை செய்யும் அக்கா ஒருவரின் பேட்டி. கம்ப்யூட்டரில் குரல் மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. அவர் மூச்சு வாங்கிய இடம், 'வந்து... வந்து...' என்று இழுத்த இடம் எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளினேன். டெக்னீஷியன் அண்ணா ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, பாதியைத் திரும்பப் போடச் சொன்னார். "மூச்சையே எடுத்துட்டா எப்படிப்பா அந்தம்மா பேசுவாங்க?"

ஜூலை 30, செவ்வாய்

மேட்டூர் அணை 120 அடி. நிரம்பிவிட்டது. காவிரியின் உபரி நீர் முக்கொம்பில் திரும்பிக் கொள்ளிடத்தில் பாயும். 2018-இல் அந்த முக்கொம்பில் மதகுகள் உடைந்து போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

சார் விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். வானிலை, மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, பேரிடர் எச்சரிக்கை, இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராதாம். சாயங்காலம் முழுக்க எங்களுக்கு வெள்ள எச்சரிக்கை சொல்வதே வேலை.

மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்து இத்தனை ஆயிரம் கன அடி என்று எழுதிக் கொடுத்தேன். சார் அடித்துவிட்டு எழுதினார்: "கொள்ளிடக் கரையில மாடு கட்டியிருக்கவங்க இப்பவே அவுத்து மேட்டுக்கு ஓட்டிடுங்க. துணி துவைக்க, குளிக்க ஆத்துல இறங்காதீங்க. பிள்ளைங்கள விடாதீங்க." இத்தனை நாள் செய்தி செய்தி என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது இப்படி ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு பெரியவர் போன் போட்டார். புதுப் போனில் ரேடியோ இல்லை என்று பழைய பட்டன் போனைத் தேடி எடுத்து, ஏரியலுக்காக ஹெட்போன் ஒயரைச் செருகிக் கேட்கிறாராம். எந்தக் கரை, எந்த ஊர் என்று சேர்த்துச் சொல்லச் சொன்னார். அடுத்த அறிவிப்பில் சேர்த்தோம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் அழுத்த மின் கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்துவிட்டது. ஊரெல்லாம் இதே பேச்சு. ஒலிபரப்பு நேரத்தில் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏம்மா, அது ஏன் விழுந்துச்சு? மண்ணை அள்ளி அள்ளி அடி கழண்டு போச்சுங்கிறாங்களே, நெசமா?"

"யாரும் பக்கத்துல போகாதீங்கம்மா" என்றேன். அதுவரைக்கும் அனுமதி உண்டு.

தண்ணீர் வருகிறது என்று சொல்லலாம். கரண்ட் இல்லை என்று சொல்லலாம். ஏன் என்று விசாரித்துச் சொன்னால் அது செய்தி. நான் பேர் கொடுத்ததே அந்த 'ஏன்' கேட்கத்தான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கூட்டமும் போலீசும். ரெக்கார்டரோடு ஓரமாக நின்றேன். காப்பரிசி, மஞ்சள் கயிறு, கருகமணி என்று எல்லோரும் சொன்னதையே சொன்னார்கள்; ஒரு பாட்டி மட்டும் ஆற்றைப் பற்றிப் பேசினார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் படித்துறையை ஒட்டியே மணல் மேடு தட்டிக் கிடக்குமாம். பிள்ளைகள் அதில் ஊற்றுத் தோண்டுவார்களாம். "இப்ப தண்ணி வத்தினாத் தெரியும், ஆறு எவ்ளோ கீழ போயிருச்சுன்னு. அந்த மணல் எல்லாம் நடந்தா போச்சு?" என்று என்னையே கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சாரிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "இது செய்தியா சார்?"

"பாட்டி அவங்க வாழ்ந்த கதையைச் சொல்றாங்க. உள்ளூர்க்காரங்க குரல்ல நிகழ்ச்சி பண்ணுன்னுதான் விதியும் சொல்லுது. ஒரு வார்த்தை வெட்டாத. ஒலிபரப்பின பதிவை மூணு மாசம் பத்திரமா வச்சிருக்கணும், யாராச்சும் கேட்டா எடுத்துக் குடுப்போம்."

முன்னுரையில் மட்டும் நான் ஒன்றும் சேர்க்கக் கூடாதாம். 'எங்க காலத்து ஆறு' என்று பேர் வைத்திருக்கிறேன். திங்கள் சாயங்காலம் அஞ்சரைக்கு ஒலிபரப்பு. அதற்குள் கரையோரத்தில் இன்னும் நாலைந்து கிழவிகளையாவது பிடிக்க வேண்டும்.