உம்மாவின் ரபான்



கல்யாண வீட்டில் என்ன பாட்டு வைக்கலாம் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் நான் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவேன்: "ஒன்றும் வேண்டாம்." என் மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்த பிறகுதான், அந்தப் பதில் எத்தனை அவசரமானது என்று எனக்கே உறைத்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. சிறு வயதில் இங்கே சத்தத்தை வைத்தே எந்த வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிடலாம். நாதஸ்வரமும் தவிலும் கேட்டால் இந்துக்களின் வீடு. வயலினோடு கஃப்ரிஞ்ஞா கேட்டால் பறங்கியர் வீடு. ரபானும் பெண்களின் குரவையும் கேட்டால் எங்கள் வீடு. என் உம்மா ரபான் தட்டினால் அடுத்த தெருப் பெண்களும் வந்துவிடுவார்கள். தணலில் காட்டித் தோலை இறுக்கி, விரல் நுனியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மடியில் வைப்பார்.

2002இல் என் தங்கைக்குக் கல்யாணம். போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான வருடம் அது. மாப்பிள்ளை வீட்டார் கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறி வந்தார்கள். 2009இல் திறந்த பாலம் அப்போது இல்லை. நான் அரபுக் கல்லூரியில் பட்டம் வாங்கி வந்த புதிது. தலைப்பாகையின் மடிப்புக் கூடக் கலையாத காலம். உள்ளே ரபான் சத்தம் கேட்டதும் எழுந்து போய், அத்தனை பெண்களுக்கும் முன்னால், "இது ஹராம், நிறுத்துங்க உம்மா" என்றேன். உம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரபானைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார். இருபது வருடத்துக்கு மேலாக அது இறங்கவேயில்லை.

இப்போது என் மகள் கேட்டாள்: "வாப்பா, நபியவங்க காலத்துக் கல்யாணத்துல சத்தமே இல்லையா?" பாடம் நடத்துகிறவன் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? கிதாபுகளை எடுத்து உட்கார்ந்தேன்.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மண நாளில் சிறுமிகள் தஃப் அடித்து, பத்ரில் ஷஹீதான தங்கள் முன்னோரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து அமர்ந்தார்கள். அப்போது ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்ற பொருளில் பாடினாள். நபியவர்கள் அதை விட்டுவிடச் சொல்லி, முன்பு பாடியதையே பாடச் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. கவனியுங்கள், திருத்தப்பட்டது சொல்தான். தஃப் நிற்கவில்லை.

நமது ஷாஃபிஈ மத்ஹபில் நவவீ இமாமின் மின்ஹாஜ், திருமணத்துக்கும் கத்னாவுக்கும் தஃபை அனுமதிக்கிறது. சலங்கை கோத்திருந்தாலும் சரி என்கிறது. தந்தி வாத்தியங்களைத் தடுக்கிறது. இடையனின் புல்லாங்குழலில் ராஃபிஈ இமாம் ஒரு பக்கம், நவவீ இமாம் மறுபக்கம். இத்தனையும் நிக்காஹ் பாடத்தில் இல்லை. நூலின் கடைசிப் பகுதியில், சாட்சியங்கள் பற்றிய பாடத்தில் இருக்கிறது. பரீட்சைக்காக வேகமாகப் புரட்டியவன் அங்கே நின்று பார்க்கவில்லை.

மகளோடு உட்கார்ந்து பாட்டுகளைப் பொறுக்கினோம். அவள் தோழிகள் கைபேசியில் அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு. சொற்களை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். நான்காவது வரியில் அவளே வெட்கப்பட்டுச் சிரித்து நிறுத்திவிட்டாள். "நாகூர் ஹனீபா பாட்டு போடலாமே" என்றான் சின்ன மகன். 2015இல் மறைந்த அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் சொல் நல்லதாக இருப்பதால் கூட வரும் வாத்தியத்தின் சட்டம் மாறுவதில்லை என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் பெண்கள் பகுதிக்கு ரபானும் பைத்தும் குரவையும் என்று முடிவானது. பள்ளிவாசலில் நிக்காஹ் குத்பா மட்டும்.

வலீமா மாப்பிள்ளை வீட்டாருடையது. சம்பந்தியோ பெரிய ஒலிப்பெட்டிகளுக்கு முன்பணமே கொடுத்துவிட்டிருந்தார். "மௌலவி, உங்கட ரபானுக்கு இடமிருக்கு, எங்கட பெட்டிக்கு இல்லையா?" என்று கேட்டார். ஹதீஸைச் சொன்னேன். பாதிதான் ஒத்துக்கொண்டார். சாப்பாடு முடியும் வரை பெட்டி மூடியே இருந்தது. நான் வந்த பிறகு என்ன நடந்தது என்று விசாரிக்கவில்லை.

உம்மாவிடம் போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ரபானை இறக்கித் தூசு தட்டி, அவர் முன்னால் வைத்தேன். தோல் ஓரத்தில் கிழிந்திருந்தது. உம்மா அதைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அண்டைக்கு ஹராமா இருந்தது, இண்டைக்கு எப்படி மகன் ஹலாலாச்சு?"

"அண்டைக்கும் ஹராம் இல்ல உம்மா. பிழை என்னில. மன்னிச்சிருங்க."

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ஆட்டுத்தோல் வாங்கிட்டு வா" என்றார்.

புதுத்தோல் போட்டுக் காய வைத்தோம். கல்யாண இரவில் உம்மாவின் விரல்கள் மடங்க மறுத்தன, வாத நோய். பேத்திகள்தான் தட்டினார்கள். நான் திரைக்கு இப்பால் நின்றுகொண்டிருந்தேன். முதல் பைத் முடிவதற்குள் உம்மாவின் குரல் உயர்ந்தது: "இப்படியா தட்டுற? அது சூடு பத்தல்ல. தணலக் கொண்டு வாங்க!"